கொடித்தோடை இருக்க ‘ஆர்வப் பழம்’ எதற்கு?

குடும்பத்தோடு வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போய்வந்தவர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு பழம் தவறாமல் தலைகாட்டுகிறது. விடுதியின் காலை உணவு மேசையில் இரண்டாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். கருஞ்சிவப்புத் தோல், உள்ளே செம்மஞ்சள் கூழ், அதில் மொய்த்துக் கிடக்கும் கறுப்பு விதைகள், எட்டி நின்றாலே மூக்குக்கு வரும் மணம். ஆங்கிலத்தில் பேஷன் ஃப்ரூட் எனப்படும் இதற்கு ‘ஆர்வப் பழம்’ என்று பெயர் எழுதுகிறார்கள். சிலருக்கு அது ‘வேட்கைப் பழம்’. ‘காதல் கனி’ வரைக்கும் போனவர்களும் உண்டு. கணினி மொழிபெயர்த்த சமையல் குறிப்புகளிலோ ‘பேரார்வம் பழம்’ என்று இலக்கணமும் சேர்ந்து கெட்டு நிற்கிறது. இனியும் பொறுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். இந்தப் பெயர்கள் அத்தனையும் பொருளிலேயே பிழையானவை.

பேஷன் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பேஷன்’ ஆசையையோ ஆர்வத்தையோ குறிக்கவில்லை. இயேசு சிலுவையில் பட்ட பாடுகளைக் குறிக்கிறது. லத்தீனில் ‘பாஸ்ஸியோ’ என்றால் துன்பப்படுதல். தீவிர உணர்ச்சி, மோகம் என்ற பொருளெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவை. பழத்தின் தாயகம் பிரேசிலின் தென்பகுதி, பராகுவே, வட அர்ஜென்டினா. அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஸ்பானியப் பாதிரிமார்கள் கண்டு வியந்தது பழத்தை அல்ல, பூவை. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பூ சேர்ந்த தாவரப் பேரினத்துக்கு ‘பாஸிஃப்ளோரா’ என்று பெயரிட்டபோதும் பாடுகளின் மலர் என்ற பொருளையே நிலைநிறுத்தினார். பூவின் பெயர் பழத்துக்கு இரவலாக வந்தது. வரலாறு இவ்வளவுதான்.

அந்தப் பூவை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தவருக்குப் பாதிரிமார்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது உடனே விளங்கும். நடுவில் மூன்று சூல்முடிகள் ஆணித் தலைகளைப் போல விரிந்து நிற்கும். அவை மூன்று ஆணிகள். கீழே ஐந்து மகரந்தப் பைகள். அவை ஐந்து காயங்கள். சுற்றிலும் ஊதாவும் வெள்ளையுமாக நெருங்கி நிற்கும் இழைவட்டம் முள்முடி. ஐந்து அல்லி இதழ்களும் ஐந்து புல்லி இதழ்களும் சேர்ந்து பத்துச் சீடர்கள்; காட்டிக்கொடுத்த யூதாசையும் மறுதலித்த பேதுருவையும் கணக்கில் சேர்க்கவில்லை. கொடியின் பற்றுக்கம்பிகள்கூடச் சாட்டைகள் ஆயின. இவ்வளவு துயரத்தைச் சுமந்து வந்த பெயரைத் தூக்கி ‘காதல் கனி’ என்று போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. அந்த லத்தீன் சொல்லுக்குத் தமிழில் பல தலைமுறைகளாகப் பழகிய சொல் இருக்கிறது. ‘இயேசுவின் பாடுகள்’ என்று கிறிஸ்தவத் தமிழில் சொல்கிறார்கள். கத்தோலிக்கர்கள் ‘திருப்பாடுகள்’ என்பார்கள். படு என்ற வினையிலிருந்து பாடு. ‘படாத பாடு பட்டேன்’ என்று சமயம் பாராமல் எல்லோரும் சொல்கிறோம். லத்தீன் சொல்லும் துன்பப்படுதலைக் குறிக்கும் வினையிலிருந்தே பிறந்தது. இரண்டு மொழியும் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும் இடம் அரிது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கில அகராதியில் முதலில் கண்ட பொருளோடு நிறுத்திக்கொண்டதால் அது கைநழுவிப் போயிற்று.

அப்படியானால் ‘பாடுகளின் பழம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பூவுக்கு அது பொருந்தும். பழத்துக்கு வேண்டாம் என்பேன். பழத்தில் ஆணியும் இல்லை, முள்முடியும் இல்லை. தவிர, சொல்லைச் சுருக்கினால் ‘பாட்டுப் பழம்’ ஆகிவிடும். படிப்பவர் சங்கீதத்தைத் தேடிப் போவார்.

ஒலிபெயர்த்து ‘பேஷன் பழம்’ என்று எழுதுபவர்கள் வேறு ஒரு குழியில் விழுகிறார்கள். உடை, அலங்காரம் என்ற பொருளில் வழங்கும் ‘பேஷன்’ தமிழில் எப்போதோ வேரூன்றிவிட்டது. இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆகவே ‘பேஷன் பழம்’ என்று படிக்கும் தமிழருக்கு நாகரிகப் பழம் என்ற எண்ணமே முதலில் வரும். ஒலிபெயர்ப்பை நான் தீண்டத்தகாததாக நினைப்பவன் இல்லை. துரியன், ரம்புத்தான், மங்குஸ்தான் மூன்றும் மலாய்ச் சொற்கள். வந்தவை அப்படியே இருக்கட்டும். அன்னாசிகூடப் போர்த்துகீசியர் வழியாகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சொல்தான். அதை இன்று யார் அயல்சொல் என்கிறார்கள்? குழப்பம் தராத ஒலிபெயர்ப்பை ஏற்கலாம், இது குழப்பம் தருகிறது. என் வழக்கு அவ்வளவுதான்.

இனி உரிய சொல்லுக்கு வருகிறேன். இலங்கைத் தமிழர்கள் இந்தப் பழத்தைக் கொடித்தோடை என்கிறார்கள். ஆரஞ்சு அவர்களுக்குத் தோடை, தோடம்பழம். கொடியில் காய்க்கும் தோடை கொடித்தோடை. உருண்டை வடிவம், புளிப்பும் இனிப்பும் கலந்த சாறு, செம்மஞ்சள் நிறம், கொடியாக வளரும் விதம் என நான்கும் ஐந்தெழுத்தில் அடங்கிவிட்டன. எந்தக் குழுவும் கூடி ஆக்கித் தந்த சொல்லாக இது தோன்றவில்லை. வீட்டிலும் சந்தையிலும் மக்கள் வாயில் புழங்கும் சொல். தமிழகத்தின் மலைப்பகுதிகளில் ‘தாட்பூட் பழம்’ என்ற பெயரும் உண்டு. அதையும் மதிக்கிறேன். ஆனால் முன்பின் அறியாதவருக்கும் பழத்தின் உருவத்தைக் கண்ணில் நிறுத்துவது கொடித்தோடைதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, இது ஆரஞ்சு இனமே இல்லையே என்பது. உண்மை, இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். ஆனால் பெயர் வைப்பவர்கள் தாவரவியல் தேர்வா எழுதுகிறார்கள்? திராட்சையைக் கொடிமுந்திரி என்றோம். முந்திரிக்கும் அதற்கும் என்ன உறவு? இதே பழ வகையைக் கண்ட ஸ்பானியர்கள் ‘கிரானடில்லா’, அதாவது சிறு மாதுளை என்று பெயர் வைத்தார்கள். தெரிந்த பழத்தைக் காட்டித் தெரியாத பழத்தைச் சொல்வது உலக வழக்கம். சீனர்கள் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். ஆங்கில ஒலியை ஒட்டி ‘பாய்சியாங்குவோ’ என்றார்கள். பொருள் பார்த்தால் நூறு மணம் கொண்ட பழம். ஒலியும் போகவில்லை, பொருளும் கெடவில்லை.

இரண்டாவது மறுப்பு, தமிழகத்து வாசகருக்குத் தோடை தெரியாது என்பது. தெரியாவிட்டால் தெரியவைக்கத்தானே எழுதுகிறோம்? கடல்கடந்து போய்ப் பெயர் தெரியாத பழத்தை வாயில் போட்டுப் பார்க்கும் துணிவு இருக்கிறது. நம் மொழியிலேயே பக்கத்து நாட்டில் வழங்கும் சொல்லை எடுத்தாள மட்டும் தயக்கம். இலங்கைத் தமிழை அயல்மொழிபோல ஒதுக்கும் இந்தப் பழக்கத்தால் நாம் இழந்த சொற்கள் கொஞ்சமல்ல.

பயண எழுத்தில் இந்த அசட்டை எங்கும் பரவிக் கிடக்கிறது. வெளிநாட்டுச் சந்தையில் பார்த்த மாத்திரத்தில் சீத்தாப்பழம் ‘கஸ்டர்ட் ஆப்பிள்’ ஆகிவிடுகிறது. முள் சீத்தா ‘சவர்சாப்’ ஆகிறது. பலாப்பழத்தையே ‘ஜாக்ஃப்ரூட்’ என்று எழுதியவரைப் படித்தபோது மனம் கொதித்தது. அந்த ‘ஜாக்’ மலையாளத்துச் ‘சக்க’; போர்த்துகீசியர் கொண்டுபோய் ஐரோப்பாவில் சேர்த்தது. நம் பக்கத்திலிருந்து போன சொல்லை அவர்கள் உச்சரிப்பில் திரும்ப வாங்கி, இருக்கிற பலாவைத் தள்ளிவைக்கிறோம்.

கொடித்தோடையைப் பயணக் கட்டுரையில் எழுதுவது கடினமான காரியமே இல்லை. முதல்முறை வரும் இடத்தில் ‘கொடியில் காய்க்கும் புளிப்பும் இனிப்புமான பழம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தோல் சுருங்கியிருந்தால் நன்றாகக் கனிந்திருக்கும், கரண்டியால் விதையோடு வழித்துத் தின்னலாம், விதையைத் துப்ப வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட்டால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு உதவும். சாற்றைச் சொல்லும்போது கொடித்தோடைச் சாறு. இடையில் ச் வரும். பூவைப் பற்றி எழுத நேர்ந்தால் திருப்பாடுகளின் மலர் என்று எழுதுங்கள்.