நிஜப் புகை வைக்கும் தேர்வு

மின்நிலையங்களும் ஆலைகளும் வெளிவிடும் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் வேதியியல் புதிதல்ல. அமீன் எனப்படும் நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருளின் கரைசலைக் கொண்டு வாயுக்களைச் சுத்திகரிக்கும் முறைக்கு 1930-லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. பிறகு ஏன் அதை நிஜப் புகையில் இன்னும் சோதிக்கிறார்கள்?

முறை எளியது. புகையை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து, உயரமான கோபுரத்தின் அடியில் செலுத்துகிறார்கள். மேலிருந்து அமீன் கரைசல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கி, எதிரே ஏறிவரும் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிணைத்துக்கொள்கிறது. அந்தக் கரைசலை இரண்டாவது கோபுரத்தில் நீராவியால் 120 டிகிரி வரை சூடாக்கினால் பிணைப்பு விடுபடும். வாயு தனியே வரும். கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

இடர் அந்த நீராவியில்தான். மோனோஎத்தனாலமீன் என்னும் பழைய கரைசலுக்கு, ஒரு டன் வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு டன்னை உண்டாக்கிய நிலக்கரி எரிந்து தந்ததே ஏறக்குறைய 10 கிகாஜூல்தான்! மின்நிலையத்தின் நீராவியையே இதற்கு எடுத்தால் மின் உற்பத்தி குறையும். குறைந்த அழுத்த நீராவியே போதும் என்பதால் அந்த இழப்பு இந்த விகிதத்துக்குப் போகாது, ஆனாலும் கணிசமானது. குறைந்த வெப்பத்தில் வாயுவை விட்டுவிடும் கரைசல்களை நிறுவனங்கள் தேடிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அப்படிக் கண்டுபிடித்த கரைசல் ஆய்வகத்தில் தேறினால் போதாது. சிலிண்டரில் வரும் வாயு தூய்மையானது, புகை அப்படியல்ல. அதிலுள்ள ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும். கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் அதோடு வினைபுரிந்து, வாயுவைப் பிடிக்கும் திறனைக் குறைக்கும். நைட்ரோசமீன்களும் உருவாகலாம், அவற்றில் பல புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. இந்தச் சிதைவு ஒரு நாளில் தெரிவதல்ல, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

நார்வேயின் மேற்குக் கரையில் மோங்ஸ்டாட் என்னுமிடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட சோதனை மையம் இதற்கென்றே கட்டப்பட்டது. அங்குள்ள அமீன் கோபுரத்தின் உயரம் 62 மீட்டர். அருகிலுள்ள எரிவாயு மின்நிலையத்திலிருந்து சுமார் 4 விழுக்காடு கரியமில வாயு கொண்ட புகையும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 13 விழுக்காட்டுக்கும் மேல் கொண்ட புகையும் அங்கே வந்தன. இரண்டாவது, நிலக்கரிப் புகையை ஒத்தது. பிடித்த வாயுவை அளந்துவிட்டுக் காற்றிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மனம் சுணங்கியது. ஆனால் அந்த மையத்தின் வேலை தொழில்நுட்பத்தைச் சோதிப்பது, வாயுவைச் சேமிப்பதல்ல.

அங்கே கிடைத்த ஒரு பாடம் என்னை மிகவும் கவர்ந்தது. கோபுரத்தின் உச்சியில், தப்பிச் செல்லும் அமீன் ஆவியை நீரால் கழுவிப் பிடிப்பது வழக்கம். ஆலைப் புகையில் கந்தக அமிலத்தின் நுண்துளிகள் இருந்தன. மைக்ரானுக்கும் சிறிய அந்தத் துளிகள்மேல் அமீன் படிந்து, கழுவும் நீரில் சிக்காமல் வெளியேறிவிட்டது. புகை கோபுரத்துக்குள் நுழையும் முன்பே அந்தத் துளிகளைப் பிடிக்கும் வடிகட்டியைப் பொருத்திய பிறகே கசிவு அடங்கியது.