உலோகச் சோர்வா, உலோக நைவா?

ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. அதையே இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். ஒவ்வொரு மடக்கும் கம்பி தாங்கக்கூடியதுதான். ஆனால் திரும்பத் திரும்ப மடங்கும்போது உள்ளே மயிரிழை விரிசல் விழுந்து வளர்கிறது. கடைசியில் மிச்சமிருக்கும் பகுதி பட்டென்று விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் இது ‘மெட்டல் ஃபெட்டீக்’. தமிழில் உலோகச் சோர்வு, உலோகக் களைப்பு, உலோக அயர்ச்சி என்று பலவிதமாக எழுதுகிறார்கள்.

களைக்கச் செய்தல் என்னும் பொருளுள்ள ‘ஃபாட்டிகாரே’ என்ற லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உயிருள்ளவற்றுக்குச் சொன்னதை இரும்புக்கும் சொன்ன முன்னோடிகளில் ஒருவர் பிரெஞ்சுப் பொறியாளர் போன்ஸ்லே. 1839-இல் உலோகம் களைத்துப்போவதாக எழுதினார். 1842-இல் வெர்சாயிலிருந்து பாரிசுக்கு வந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அச்சுகள் ஏன் முறிகின்றன என்பதைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். சுமையின் அளவோடு, அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதையும் எண்ண வேண்டும் என்று அவர் காட்டினார்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறள் இங்கே நினைவுக்கு வரலாம். அது வேறு. மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறது குறள். அளவுமீறாத சுமையும் அச்சை முறிக்கும் என்பதுதான் வோலர் கண்டது.

இந்தச் சொல் ஆய்வுக்கூடத்தைவிட்டு ஊருக்குத் தெரிந்தது காமெட் விமானங்களால். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஒன்று, எல்பா தீவருகே நடுவானில் சிதறியது; 35 பேர் இறந்தார்கள். தீயா, எஞ்சினா, நாசவேலையா என்று ஒன்றும் பிடிபடவில்லை. சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் பலப்படுத்தி மார்ச் மாதம் மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் போன இன்னொரு காமெட்டும் 21 பேரோடு கடலில் விழுந்தது.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானப் பொறியாளர் அர்னால்ட் ஹால் தலைமையில் நடந்த ஆய்வு வேறொரு வழியில் போனது. பறந்து பழகிய ஒரு காமெட்டின் உடற்கூட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, உள்ளேயும் தண்ணீர் ஏற்றி, அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைத்தார்கள். விமானம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் கூடு பலூன்போல உப்பித் தளர்வதைத்தான் தொட்டிக்குள் நடித்துக்காட்டினார்கள். காற்றை ஏற்றியிருந்தால் கூடு கிழியும்போது குண்டுபோல வெடித்திருக்கும். தண்ணீர் அப்படி அமுங்காது, அதனால் கிழிந்த இடமும் கெடாமல் கிடைத்தது. அந்த விமானம் உண்மையில் பறந்தது 1,221 தடவை, தொட்டியில் ‘பறந்தது’ 1,836 தடவை. மொத்தம் 3,057-இல் கூடு கிழிந்தது. எல்பா விமானத்தின் கூரைத் தகடு கடலிலிருந்து கிடைத்தபோது, அதில் விரிசல் தொடங்கிய இடம் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில் இருந்த ஓர் ஆணித்துளை. பயணிகளின் சதுர ஜன்னல்தான் விமானத்தை உடைத்தது என்று பலரும் சொல்லும் கதை முழுக்கச் சரியில்லை.

தயாரித்தவர்கள் சோதிக்காமல் விடவில்லை. அவர்களுடைய மாதிரிக் கூடு 16,000 தடவைக்கு மேல் தாங்கியது. ஆனால் அதே கூட்டில் முன்னதாக மிகையான அழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அது துளை ஓரத்து உலோகத்தை இறுக்கி, விரிசல் எளிதில் விழாதபடி செய்திருந்தது. சோதனையே ஏமாற்றிவிட்டது.

இப்படி உடைந்த தகட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு முறிவின் முகமே சாட்சி. அளவுமீறிய விசையால் ஒரேயடியாகக் கிழிந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். மெல்ல வளர்ந்த விரிசல், கடலலை மணலில் விட்டுப்போன கோடுகளைப்போல வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் தொடங்கிய புள்ளிக்கு வந்துவிடலாம். 2002 மே 25 அன்று தைவான் நீரிணைமேல் சிதறி 225 பேரைப் பலிகொண்ட சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானத்தில் அந்தத் தேடல் 1980 வரை பின்னே போனது. அந்த ஆண்டு ஹாங்காங்கில் வால் தரையில் உரசிய இடத்தில், கீறல்களைச் சரியாக நீக்காமல் மேலே தகடு வைத்து மூடியிருந்தார்கள். வெளியே தெரியாமல் விரிசல் அந்தத் தகட்டுக்கு அடியில் வளர்ந்திருந்தது.

சரி, தமிழில் எது பொருத்தம்? சோர்வு, களைப்பு, அயர்ச்சி மூன்றுமே ஆங்கில உருவகத்தின் நேர்ப்பெயர்ப்பு. களைத்தவர் படுத்து எழுந்தால் தெளிந்துவிடுவார்; விரிசல் விழுந்த தகட்டை எத்தனை மாதம் கொட்டகையில் நிறுத்தினாலும் விரிசல் மூடாது. ‘தேய்மானம்’ கூடாது, ஏனென்றால் அங்கே பொருள் குறைகிறது. எறும்பு ஊரத் தேயும் கல் அந்த வகை. ‘அரிமானம்’ துருவுக்கு உரியது. ‘இற்றுப்போதல்’ நல்ல சொல், குறளின் ‘அச்சிறும்’ என்பதற்கு உறவும்கூட. ஆனால் மக்கிப்போன கயிறும் இற்றுத்தான் போகிறது.

எனக்குப் பிடித்தது ‘நைவு’. உடுத்தி, துவைத்து, பிழிந்து, மறுபடி உடுத்திய வேட்டி ஒரு நாள் இழைவிடுவதை நைந்துபோனது என்கிறோம். பல தடவை பட்டது, மீளாதது என்ற இரண்டும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. மனமும் நையும் என்பதால் உருவகத்தின் ஈரமும் போகவில்லை. உலோக நைவு, நைவு விரிசல், நைவு ஆயுள் என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன. பழக்கம் கருதி முதல் தடவை மட்டும் ‘உலோக நைவு, அதாவது உலோகச் சோர்வு’ என்று எழுதலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. விபத்து அறிக்கைகளில் தூக்கம் கெட்ட விமானியின் நிலைக்கும் ஆங்கிலத்தில் ‘ஃபெட்டீக்’ என்றே பெயர். தமிழில் சோர்வை விமானிக்கும் நைவைத் தகட்டுக்கும் கொடுத்துவிடலாம்.