மழை ஊரில் கிரைண்டர் டிஸ்க்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று மலையகத்தின் எந்த டவுனில் கேட்டாலும், கிரைண்டரில் மாட்டி இரும்பும் கல்லும் வெட்டுகிற கட்டிங் டிஸ்க் கிடைக்கும், விலையும் பெரிதாக இல்லை, அதனாலேயே அதை யாரும் பெரிதாக எடுப்பதும் இல்லை. கிரைண்டர் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி எத்தனை வொட், வொரன்டி எவ்வளவு காலம் என்றெல்லாம் கேட்கிறோம். டிஸ்க் என்றால் மட்டும் "அண்ணே, நாலு இஞ்சில ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். லயத்துக் கூரைக்குத் தகரம் வெட்டுவதாக இருக்கட்டும், கேட்டுக்கு வெல்டிங் பிசிறு தேய்ப்பதாக இருக்கட்டும், வேலை செய்கிறவருடைய முகத்துக்கு ஒரு முழம் தள்ளி அசுர வேகத்தில் சுற்றுவது அந்த மலிவான டிஸ்க்தான். அது எதனால் ஆனது, எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால், மாட்டும்போது சொல்லப்படும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

டிஸ்க்கில் இருப்பது முக்கியமாக மூன்று பொருள். வெட்டுகிற மணல், அதை ஒட்டி வைக்கிற ரெசின், உள்ளே வலை போலப் பின்னிய கண்ணாடி நார். இரும்பு வெட்டும் டிஸ்க்கில் அந்த மணல் அலுமினியம் ஒக்சைட், கல்லும் கொங்கிரீட்டும் வெட்டுவதில் சிலிக்கன் கார்பைட். ரெசின் என்பது பீனோலிக் ரெசின், பழைய காலத்துக் கறுப்பு பேக்லைட் சுவிட்ச் செய்த அதே குடும்பத்துப் பொருள். எள்ளுருண்டையில் எள்ளை வெல்லப்பாகு பிடித்து வைத்திருக்கிற மாதிரிதான் இங்கே மணலை ரெசின் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொரு விஷயம், இந்தப் பிடி வேண்டுமென்றேதான் ஓர் அளவோடு வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணல் இரும்பில் உரசி மெல்லிய சீவலாகச் சீவி எடுக்கிறது (அந்தச் சீவல்தான் சூடேறிக் காற்றில் எரிந்து தீப்பொறியாகப் பறக்கிறது), சீவிச் சீவி மணல் மழுங்கும்போது அதன் மேல் அழுத்தம் கூடுகிறது, அப்போது ரெசின் அதை விட்டுவிட வேண்டும், விட்டால்தான் கீழே இருக்கும் கூரான புது மணல் வேலைக்கு வரும். தேய்ந்து குறைவதற்காகவே செய்த பொருள் என்பதால் இதை இரும்புத் தகடு மாதிரி அசைக்க முடியாத பலத்தோடு செய்யவே முடியாது. மணலும் ரெசினும் நெருக்குவதைத் தாங்கும், இழுப்பதை அவ்வளவாகத் தாங்காது. இழுவைக்கு ஈடு கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கண்ணாடி நார் வலைதான்.

இழுவை எங்கிருந்து வருகிறது? வேகத்தில் இருந்து. நாலு இஞ்சி கிரைண்டர், அதாவது 100 மில்லிமீற்றர் டிஸ்க் போடுவது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றும். செக்கனுக்கு 183 சுற்று. அந்த வேகத்தில் டிஸ்க்கின் விளிம்பு செக்கனுக்கு 57 மீற்றருக்கு மேல், மணிக்குச் சொன்னால் 207 கிலோமீற்றர் ஓடுகிறது. விளிம்பில் இருக்கிற ஒரே ஒரு கிராம் துணுக்கு வெளியே போகப் பார்க்கும் விசை கிட்டத்தட்ட ஆறே முக்கால் கிலோ எடைக்குச் சமம். டிஸ்க்கில் இருக்கிற ஒவ்வொரு கிராமும் அப்படி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இது சும்மா காற்றில் சுற்றும்போதே, இன்னும் இரும்பில் வைக்கவே இல்லை.

இழுவை கூடுதலாக இருப்பது விளிம்பில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. நடுவில் ஓட்டை உள்ள தட்டைச் சுற்றினால் அதிகபட்ச இழுவை அந்த ஓட்டையின் ஓரத்தில்தான் வரும், ஓட்டையே இல்லாத தட்டின் நடுவில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் ஓட்டை ஓரத்தில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும் அந்த டிஸ்க் ஆகாது. 16 மில்லிமீற்றர் ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்குவதும், பெரிய ஓட்டைக்குள் தகரத்தைச் சுருட்டி வைத்துச் சின்ன அச்சில் மாட்டுவதும் டிஸ்க்கின் ஆகப் பலவீனமான இடத்திலேயே கை வைக்கிற வேலை.

அப்புறம் நம் பட்டறைகளில் நான் அடிக்கடி பார்க்கிற, பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து இஞ்சி கிரைண்டரில் ஏழு இஞ்சி டிஸ்க். 125 மில்லிமீற்றர், 180 மில்லிமீற்றர் இரண்டு டிஸ்க்குக்கும் நடு ஓட்டை ஒரே அளவு, 22.23 மில்லிமீற்றர். டிஸ்க்கைச் சுற்றி மறைக்கும் கார்ட் இருந்தால் இடிக்கும், அதைக் கழற்றிவிட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். "ஓட்டை சரியாத்தானே இருக்கு, ஆழமா வெட்டலாம் தம்பி" என்று ஒரு வெல்டிங் பாஸ் என்னிடமே சொன்னார், நல்ல அனுபவசாலி, கை சுத்தமான வேலைக்காரர். நான் டிஸ்க்கைத் திருப்பி அதில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினேன், 8,500 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 8,500 சுற்று. மெஷினில் ஒட்டியிருந்த தகட்டில் 11,000. இந்த வகை டிஸ்க் பெரும்பாலும் விளிம்பு வேகம் செக்கனுக்கு 80 மீற்றர் என்ற வரம்புக்குச் செய்யப்படுகிறது. 180 மில்லிமீற்றர் டிஸ்க்கை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு கிட்டத்தட்ட 104 மீற்றருக்குப் போய்விடும். வேகம் கூடினது 30 சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது 1.68 மடங்கு ஆகிவிடுகிறது. உடைந்து பறப்பதைத் தடுக்கும் கார்டும் இல்லை. டிஸ்க்கில் உள்ள ஆர்பிஎம், மெஷினில் உள்ள ஆர்பிஎம்முக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எவ்வளவு அவசரம் என்றாலும் மாட்டக்கூடாது.

அடுத்தது ஈரம். இதைத்தான் மலையகத்தில் இருக்கிறவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பீனோலிக் ரெசின் காற்றில் இருக்கிற ஈரத்தை மெல்ல உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச மணலோடு அதற்குள்ள பிடி தளரும். இதற்காகவே இந்த டிஸ்க்குகளுக்கு ஆயுள் பொதுவாகத் தயாரித்த நாளில் இருந்து 3 வருடம் என்று வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள உலோக வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், 04/2027 என்கிற மாதிரி மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் திகதி. மூன்று வருடம் என்பதும் உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால்தான். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் எப்படிக் கொட்டும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை, அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சை பிடிக்கிற ஊரில் கடை வாசலில் ஆணியில் தொங்கும் டிஸ்க் என்ன ஆகும்? வளையத்தில் திகதியே இல்லாத டிஸ்க்கையும், துருப்பிடித்த வளையம் உள்ளதையும் நான் வாங்குவதில்லை. வாங்கினதை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் தட்டையாக அடுக்கி வைத்தால் போதும், செலவே இல்லாத வேலை. மழையில் நனைந்த டிஸ்க்கை அடுப்புக்கு மேல் வைத்துக் காயவைத்து எடுத்தாலும் போன பலம் திரும்பி வராது.

சரி, மாட்டுகிற வேலைக்கு வருவோம். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் போதாது, ஏனென்றால் பல மெஷின்களில் தள்ளு சுவிட்ச் இருக்கிறது, தள்ளினால் அப்படியே நிற்கும். வேலை நடுவில் கரண்ட் போய், சுவிட்சை மறந்து டிஸ்க் மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் மெஷின் கையிலேயே ஓடத் தொடங்கிவிடும். தோட்டப்பக்கம் கரண்ட் போய் வருவது அதிசயமா என்ன.

பழைய டிஸ்க்கைக் கழற்றினதும் உள்பக்கத்தில் இருக்கும் தடித்த வாஷரை எடுத்துத் துணியால் துடையுங்கள். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிப்பது இந்த வாஷரும் வெளி நட்டும்தான். வாஷர் முகத்தில் ஓர் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலும் டிஸ்க் அந்த ஒரு புள்ளியில் முட்டுக்கொடுத்து வளைந்து நிற்கும், வளைந்த டிஸ்க்கில் சுற்றும் இழுவையோடு வளைவின் இழுவையும் சேரும். வாஷரின் அடியில் உள்ள தட்டையான வெட்டு, அச்சின் தட்டையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் திருப்பிப் பாருங்கள், தனியாகச் சுற்றக்கூடாது. பிறகு டிஸ்க். ஓட்டை அச்சில் ஆட்டம் இல்லாமலும், அடித்து இறக்க வேண்டிய இறுக்கம் இல்லாமலும் போக வேண்டும்.

நட்டின் ஒரு முகம் தட்டை, மற்ற முகத்தில் நடுவே சின்ன மேடு. தேய்ப்பதற்கான 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கிரைண்டிங் டிஸ்க் என்றால் மேடு டிஸ்க்கைப் பார்த்து, அதன் ஓட்டைக்குள் இறங்க வேண்டும். 1 மில்லிமீற்றர் கட்டிங் டிஸ்க்குக்குப் பெரும்பாலான மெஷின்களில் நட்டைத் திருப்பித் தட்டை முகத்தை உள்ளே போட வேண்டும், இல்லாவிட்டால் மேடு போய் வாஷரில் முட்டிவிடும், நட் இறுகிவிட்டது என்று நமக்குத் தோன்றும், டிஸ்க் நடுவில் லூசாக நிற்கும். மாட்டினதும் டிஸ்க்கைக் கையால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இறுக்குவதற்கு, அச்சைப் பூட்டும் பட்டனை அழுத்திக்கொண்டு (அச்சு முழுதாக நின்ற பிறகு மட்டும்) இரண்டு முள் உள்ள ஸ்பேனரால் கையளவு பலம் போதும். சுத்தியலால் ஸ்பேனரைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அவசியமே இல்லாத வேலை. மரை எந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். இரும்பில் வைத்து வெட்டும்போது இரும்பு டிஸ்க்கைப் பின்னால் இழுக்கிறது, டிஸ்க் தன்னோடு நட்டையும் இழுக்கிறது, அப்படி இழுபடும் திசைதான் நட் இறுகும் திசை. வேலை செய்யச் செய்யத் தானாக இறுகும் நட்டை நாம் முதலிலேயே மூர்க்கமாக இறுக்கினால் நசுங்குவது ஓட்டை ஓரம், கழற்றும்போதும் பாடுதான்.

கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டு முகத்தால் தேய்க்கக்கூடாது. 1 மில்லிமீற்றர் தடிப்பு பக்கவாட்டு அழுத்தத்துக்கு எங்கே தாங்கப்போகிறது? கவ்வாத்துக் கத்தி தீட்டுவதற்குக் கட்டிங் டிஸ்க்கைச் சாய்த்துப் பிடிக்கிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், தேய்க்க வேண்டுமென்றால் தடித்த கிரைண்டிங் டிஸ்க்கை மாட்டுங்கள். கார்ட் டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவில் வரும்படி திருப்பி இறுக்குங்கள். கண்ணாடியோடு முகம் மறைக்கும் ஷீல்டும் போடுங்கள். நுவரெலியாக் குளிரில் காலையில் மப்ளரைக் கழற்ற மனம் வராதுதான், ஆனால் தொங்கும் மப்ளர் முனையும் தளர்ந்த ஸ்வெட்டர் கையும் டிஸ்க்கில் சுற்றினால் சுவிட்சுக்குக் கை போக நேரம் இருக்காது.

புது டிஸ்க் மாட்டினதும் உடனே இரும்பில் வைக்காதீர்கள். டிஸ்க் சுற்றும் நேர்கோட்டில் நீங்களோ வேறு யாருமோ இல்லாதபடி மெஷினைப் பிடித்து, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ள டிஸ்க் உடைவதாக இருந்தால் பெரும்பாலும் அப்போதே உடையும், கார்ட் வாங்கிக்கொள்ளும். கை நடுங்குகிற அளவு அதிர்ந்தால் நிறுத்திக் கழற்றி, வாஷரைத் திரும்பத் துடைத்து மாட்டிப் பாருங்கள், அப்படியும் அதிர்ந்தால் அந்த டிஸ்க் வேண்டாம். ஒதுக்கின டிஸ்க்கையும், திகதி முடிந்ததையும், கீழே விழுந்ததையும் அப்படியே மூலையில் போட்டு வைக்காமல் கண்ணாடி போட்டுக்கொண்டு நடுவாக முறித்துக் குப்பையில் போடுங்கள், முறிக்காவிட்டால் டிஸ்க் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள்.