ரூட்டர் இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் கல்யாண வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும், பென் டிரைவில் ஏற்றி இறக்கப் பொறுமை இல்லை, அதனால் ரூட்டரோடு வந்த லேன் கேபிளை எடுத்து இரண்டுக்கும் நேராகச் சொருகிவிட்டேன். இரண்டிலும் 169.254 என்று தொடங்கும் ஐபி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் முகவரி எண்) வருகிறது, எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கொடுத்தால் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்கிறது, கடையில் கேட்டால் "கிராஸ் கேபிள் வாங்கணும் சார்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அவருடைய கேபிள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது, அதற்கான ஆதாரமும் அவர் கேள்வியிலேயே இருக்கிறது.

கிராஸ் கேபிள் கதை பழையது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய ஜோடிகள். 10, 100 மெகாபிட் காலத்தில் கம்ப்யூட்டர் பிளக்கின் 1, 2-ஆம் பின்களில் (உலோகத் தொடுபுள்ளிகளில்) அனுப்பும், 3, 6-ஆம் பின்களில் கேட்கும். பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சில் இது தலைகீழ். அதனால் கம்ப்யூட்டரையும் ஸ்விட்சையும் இணைக்க நேர்க் கேபிள் போதும், இரண்டு கம்ப்யூட்டர்களை நேராக இணைத்தால் மட்டும் இரண்டும் ஒரே ஜோடியில் பேசி இன்னொரு ஜோடியில் காது கொடுத்துக்கொண்டு கிடக்கும். அதைச் சரிசெய்ய ஒரு முனையில் ஜோடிகளை மாற்றி கிரிம்ப் செய்ததுதான் (பிளக்கில் அழுத்திப் பொருத்தியதுதான்) கிராஸ் கேபிள்.

இதற்கு முடிவு கட்டியவர்கள் எச்பி நிறுவனப் பொறியாளர்கள் டேனியல் டவ், புரூஸ் மெல்வின். எந்த ஜோடியில் பேசுவது, எதில் கேட்பது என்பதை போர்ட்டே மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்று பெயர். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் புத்திசாலி என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் மாறும், மறுபடி ஒரே ஜோடியில் மோதும், மறுபடி இரண்டும் மாறும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் கட் ஆனால் இருவரும் ஒரே நொடியில் திருப்பிக் கூப்பிட்டு இருவருக்குமே பிஸி வருகிறதே, அதே கதை. நடுவில் "நீ முதலில் பேசு" என்று சொல்ல யாரும் இல்லை.

எனவே குலுக்கல். ஒவ்வொரு போர்ட்டும் சுமார் 62 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தனக்குள் ஒரு போலி ரேண்டம் பிட்டை எடுக்கிறது: 0 வந்தால் இப்படி, 1 வந்தால் அப்படி. பிறகு எதிர்ப்பக்கத் துடிப்பு கேட்கிறதா என்று பார்க்கிறது. கேட்டால் அங்கேயே நின்றுவிடும், இல்லையென்றால் அடுத்த குலுக்கல். ஒரு சுற்றில் இரண்டும் பொருந்த வாய்ப்பு பாதிக்குப் பாதி, எட்டுச் சுற்றுக்குப் பிறகும் பொருந்தாமல் இருக்க வாய்ப்பு 256-இல் ஒன்று, எட்டுச் சுற்று என்பதோ அரை நொடிதான். நாம் பிளக்கை அழுத்தி, அது 'டிக்' என்று பூட்டிக்கொண்டு, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும். இரண்டு குலுக்கலும் தற்செயலாக ஒன்றுபோலவே ஓடிக்கொண்டிருந்தால்? அதற்கும் தனியாக, சுமார் 1.3 நொடியில் குறுக்கிடும் இன்னொரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். இப்படி யோசித்து வைத்தவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை. நம் கல்லூரிகளில் நெட்வொர்க் பாடத்தின் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கையும் வரிசை மாறாமல் ஒப்பிக்க வைப்பார்கள், கையில் கிரிம்பிங் டூலைக் கொடுக்க மாட்டார்கள், இந்தக் குலுக்கலைப் பற்றி ஒரு வரி சொல்ல மாட்டார்கள். லேபுக்கு வரும் பணத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, 169.254-க்கு வருவோம். பலர் இதைக் கெட்ட சகுனமாகவே பார்க்கிறார்கள், 'நெட்வொர்க் கார்டு போச்சு' என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. உண்மையில் கேபிள் இணைப்பே இல்லையென்றால் விண்டோஸ் இந்த எண்ணைத் தராது, 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று சொல்லிவிடும். வழக்கமாக ஐபி கொடுப்பது ரூட்டர். அது இல்லாததால் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, 169.254.1.0 முதல் 169.254.254.255 வரை உள்ள 65,024 எண்களில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மறுபடியும் குலுக்கல்! 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3927 என்ற இணையத் தர ஆவணம் இதை விவரிக்கிறது. எடுத்த எண்ணை உடனே சொந்தம் கொண்டாடுவதில்லை. "இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒன்றிரண்டு நொடி இடைவெளி விட்டு மூன்று முறை கேட்கிறது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அப்படிக் கேட்கும்போது அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் 0.0.0.0 என்றுதான் போடும். இன்னும் தனக்கு உரிமையாகாத எண்ணைத் தன் பெயரில் எழுதினால் மற்ற கம்ப்யூட்டர்களின் பட்டியல் கெட்டுப்போகும் இல்லையா? யாரும் மறுக்காவிட்டால் "இது என்னுடையது" என்று அறிவிக்கும். யாராவது வைத்திருந்தாலோ, அதே எண்ணை எதிர்ப்பக்கமும் அதே நேரத்தில் விசாரித்தாலோ, வேறு எண்ணுக்குப் போகும்.

ஆக, வாசகரின் இரண்டு கம்ப்யூட்டர்களும் தாமாகவே பேசி முடித்துவிட்டன. இரண்டிலும் 169.254 இருக்கும்வரை எதையும் மாற்றத் தேவையில்லை. ஒன்றில் மட்டும் கையால் 192.168 என்று போட்டு வைப்பதுதான் ஆபத்து.

அப்படியானால் பிங் ஏன் வரவில்லை? பிங் தோல்வியில் இரண்டு வகை உண்டு. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் எதிர்ப்பக்கத்தின் வன்பொருள் முகவரியே கிடைக்கவில்லை, கேபிளையும் ஐபியையும் பாருங்கள். 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் முகவரி கிடைத்துவிட்டது, பதில்தான் வரவில்லை. சந்தேகமா? பிங் கொடுத்த கையோடு கமாண்ட் பிராம்ப்டில் ஏ-ஆர்-பி, இடைவெளி, மைனஸ் ஏ (arp -a) அடியுங்கள். எதிர்க் கம்ப்யூட்டரின் ஐபிக்கு நேரே ஆறு ஜோடி எழுத்தெண்கள் (அதுதான் அந்த வன்பொருள் முகவரி) தெரிந்தால் கம்பி, கார்டு, ஐபி மூன்றும் நிரபராதி. குற்றவாளி, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்.

விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காண்பது பெரும்பாலும் கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரூட்டரை) வைத்து. நேரடி இணைப்பில் கேட்வே கிடையாது, அதனால் 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்' என்று எழுதி, ரயில் நிலைய வைஃபை மாதிரி 'பப்ளிக்' பட்டியலில் தள்ளிவிடுகிறது. அங்கே ஃபயர்வால் பிங்கையும் ஷேரிங்கையும் தடுத்துவிடும். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். அட்வான்ஸ்டு ஃபயர்வாலில் இன்பவுண்ட் விதிகளுக்குப் போய் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' விதிகளைப் பப்ளிக்குக்கு மட்டும் இயக்கி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அப்புறம், பழைய கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு உள்ள ஒரு பயனர் கணக்கு இருக்க வேண்டும். வெற்றுப் பாஸ்வேர்டோடு ஷேரிங் கேட்டால் விண்டோஸ் கதவைத் திறக்காது.

காப்பி ஓட ஆரம்பித்ததும் வேகத்தைப் பாருங்கள். இரண்டும் கிகாபிட் கார்டு என்றால், டிஸ்க் ஒத்துழைத்தால், நொடிக்கு 110 மெகாபைட் அருகில் வரும். 11-இலேயே நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும், அதனால் கேபிளைச் சந்தேகியுங்கள். பிளக்கின் கிளிப்பைக் கீழ்ப்பக்கம் வைத்து, கேபிள் உங்களை நோக்கி வரும்படி பிடித்து, இடமிருந்து படியுங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நடுவில் நீலம் உட்கார்ந்திருப்பதுதான் சரி. சிலர் அழகுக்காகப் பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கிரிம்ப் செய்துவிடுகிறார்கள். எட்டு விளக்கு டெஸ்டரும் வரிசையாக எரிந்து 'பாஸ்' காட்டும், ஆனால் 3, 6-ஆம் பின்கள் வெவ்வேறு முறுக்குகளுக்குப் போய்விட்டதால் இரைச்சல் ஏறி இணைப்பு விட்டுவிட்டு வரும். அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் போடுங்கள்.