நண்பர்களிடம் வசூலித்தால் அது மாணவர் நிதி ஆகாது

ஜூலை மாதம் எங்கள் ஆபீஸில் மூச்சு விட நேரம் இருக்காது, வருமான வரி ரிட்டர்ன் கெடு நெருங்கும் சமயம். அப்போதுதான் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு.

முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தான்: ‘மாணவர் அறநெறி முதலீட்டு நிதி. சிகரெட், சாராயம், ஆயுதம் தொடமாட்டோம்.’ அடுத்த பக்கத்தில் இவனையும் சேர்த்து 14 பெயர்கள், எதிரே தொகை, கையெழுத்து. மொத்தம் 2,10,000 ரூபாய், அத்தனையும் பங்கு வாங்கி விற்க இவன் ஒருவன் பெயரில் வைத்திருந்த டீமேட் கணக்கில். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் மீதி: 78,000.

இந்த ஒரு வருஷத்தில் என் மேஜைக்கு வந்த மூன்றாவது நோட்டு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

“அமெரிக்காவுல யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸே ஃபண்ட் நடத்துறாங்க சார்” என்றான். நடத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் அது யாருடைய பணம்? மூன்று பையன்களிடமும் இதைக் கேட்டேன். மூவருக்கும் தெரியவில்லை.

அங்கே எந்த மாணவனும் பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் கைநீட்டிப் பணம் வாங்குவதில்லை. பணம் பல்கலைக்கழகத்தின் அறக்கொடை நிதியிலிருந்தோ நன்கொடையாளர்களிடமிருந்தோ வருகிறது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின் நிறுவனம் 1998-இல் தன் நிதியின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழக மாணவர்கள் கையாளும்படி ஒதுக்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ஹாஸ் வணிகப் பள்ளி மாணவர்கள் 2008 முதல் ஒரு சமூகப் பொறுப்பு முதலீட்டு நிதியைக் கவனிக்கிறார்கள். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், மேலே பேராசிரியரோ ஒரு குழுவோ இருக்கும். மாணவனின் வேலை ஒரு கம்பெனியை வாரக்கணக்கில் படிப்பது, அறிக்கை எழுதுவது, வகுப்பில் எழுந்து நின்று ‘இதை ஏன் வாங்க வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. நஷ்டம் வந்தாலும் அவன் ஹாஸ்டல் நண்பனின் மெஸ் ஃபீஸ் போகாது. மாணவர் நிர்வகிக்கும் நிதி என்றால் இதுதான். மாணவர்கள் வசூலித்த நிதி என்று அதற்கு அர்த்தமே இல்லை.

இங்கே அதை அப்படியே கொண்டுவரவும் முடியாது. நம் தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை அறக்கட்டளைகள் நடத்துபவை. அவை பணத்தை எதில் போடலாம் என்று வருமான வரிச் சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 11(5) பிரிவு, எங்கள் தொழிலில் மனப்பாடம். வங்கி டெபாசிட், அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் உண்டு. ஆனால் கல்லூரி நேரடியாகச் சந்தையில் இறங்கி கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்க அதில் பொதுவாக இடமில்லை.

சரி, அந்த ‘அறநெறி’? பையன் சிகரெட் கம்பெனிப் பங்கை வாங்கவில்லைதான். நிஃப்டி ஆப்ஷன் வாங்கியிருந்தான், வாராவாரம். பங்குச்சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று ஊகித்து வாங்கும் ஒப்பந்தம் அது. அந்த நிஃப்டி 50 குறியீட்டிலுள்ள ஐம்பது கம்பெனிகளுக்குள் சிகரெட் செய்யும் ஐடிசி இருக்கிறதே தம்பி என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், ஆப்ஷன் வைத்திருப்பவன் எந்தக் கம்பெனிக்கும் பங்குதாரர் இல்லை. வாக்கு இல்லை, கேள்வி கேட்க உரிமை இல்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-இல் சொல்லிவிட்டது.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் பொறுப்பான கம்பெனி என்று காட்டும் ‘ஈஎஸ்ஜி’ முத்திரையைப் பார்த்ததும் நிம்மதி அடைகிறவர்களும் இதைக் கவனியுங்கள். 2022 மே மாதம் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 ஈஎஸ்ஜி பங்குக் குறியீட்டிலிருந்து மின்சார கார் செய்யும் டெஸ்லா வெளியே போனது. எண்ணெய் எடுக்கும் எக்ஸான் உள்ளேயே இருந்தது. முத்திரை குத்துகிறவர் எதை அளக்கிறார் என்று படிக்காமல் நம்பக் கூடாது.

பல்கலைக்கழகங்களில் இந்த அறநெறி முதலீட்டுப் பேச்சு வந்ததே மாணவர்களின் போராட்டத்தால்தான். அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரி 1977-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு தொழில் செய்த கம்பெனிகளின் பங்குகளை விற்று வெளியேறியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அந்த முடிவுக்கு வர 1986 ஆனது. அந்த மாணவர்கள் கேட்டது ‘எங்கள் கல்லூரியின் பணம் எங்கே இருக்கிறது’ என்ற ஒரு கேள்வி. லாபக் கணக்கு அவர்கள் கையில் இல்லை.

மாணவர்களே, தயவுசெய்து அடுத்தவர் பணத்தை உங்கள் கணக்கில் போட்டு வியாபாரம் செய்யாதீர்கள். லாபம் வந்தால் வரி உங்கள் பான் எண்ணில்தான் விழும். நஷ்டம் வந்தால், அதைக் கணக்கில் காட்டி அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகும் வசதியும் உங்கள் ஒருவருக்குத்தான், மற்ற 13 பேருக்கு ஒன்றும் கிடையாது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து என்றால் பினாமிச் சட்டம் என்ற பேச்சு வரும். ஓடிபி, பாஸ்வேர்டு எதையும் யாருக்கும் தராதீர்கள், ரூம்மேட் என்றாலும். பெற்றோரே, பிள்ளைக்கு டீமேட் கணக்கு இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் நோட்டு ஒளிந்துகொள்ளும்.

ஆர்வம் இருந்தால் பணமே இல்லாமல் ஆரம்பிக்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்பது செபி விதி. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எத்தனை தொழிலாளர்கள் விபத்தில் சிக்கினார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பளம், எல்லாம் அதில் இருக்கும். இலவசமாகப் படிக்கலாம். அப்புறம் சொந்தக் காசில் ஒரே ஒரு பங்கு வாங்குங்கள். அதற்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கு உண்டு.

அந்தப் பையன் இப்போது மாதாமாதம் நண்பர்களுக்குத் திருப்பிக் கொடுத்து வருகிறான், அப்பாவின் பட்டறையில் மாலை வேலை பார்த்து. இதுவரை நாலு பெயர்களுக்கு எதிரே ‘பைசல்’ என்று எழுதியாகிவிட்டது.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலீட்டு மன்றம் தொடங்க மாணவர்கள் கையெழுத்துக் கேட்டு வந்தால் விரட்டிவிடாதீர்கள், படிக்காமல் போட்டும் கொடுத்துவிடாதீர்கள். கோவைக்குள் என்றால் ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன். ஒரு கம்பெனியின் பிஆர்எஸ்ஆர் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படிப்போம். புரொஜெக்டர் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.