கூகுள் டாக்ஸ் வந்த பிறகு ஆங்கில வகுப்பில் என்ன மாற வேண்டும்?

உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். டிஜிட்டலுக்கு மாறிவிட்டோம் என்று சொல்லும் பல வகுப்புகளில் மாறியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: முன்பு தாளில் வாங்கிய கட்டுரையை இப்போது பிடிஎஃப்பாக வாங்குகிறோம். பிழைக்குச் சிவப்புக் கோடு, கடைசியில் மதிப்பெண். மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார். இதற்கு நோட்டே போதுமே.

இணையத்தில் ஒரே ஆவணத்தைப் பலர் திறந்து எழுத உதவும் கூகுள் டாக்ஸ் மாதிரியான கருவிகளின் பலன், கட்டுரை முடிவதற்கு முன்புதான் இருக்கிறது. மாணவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் உள்ளே போய்ப் பார்க்கலாம். முதல் பத்தியில் ஒரு கமெண்ட் போட்டால் மீதிப் பத்திகளே வேறு மாதிரி வரும். சிறுகதை ஒன்றைப் பற்றி எழுதிய மாணவி, அதில் வரும் பெண் மிகவும் சோகமாக இருந்தாள் என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். நான் எதையும் திருத்தவில்லை. “அது கதையில் எந்த வரியில் தெரிகிறது?” என்று மட்டும் ஓரத்தில் கேட்டேன். அந்தப் பெண் சாப்பிடாமல் எழுந்துபோகும் இடத்தைத் தேடி எடுத்து மேற்கோளாகச் சேர்த்தாள். அதன் கீழே தன் விளக்கமாக இரண்டு வாக்கியங்கள் எழுதினாள். இலக்கியக் கட்டுரையில் நாம் கற்றுத்தர நினைப்பதே அதுதான். கட்டுரையைத் திருத்தி ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

கிராமர்லி போன்ற திருத்தும் கருவிகளைத் தடை செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் திருத்தங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. மாணவரை, தான் ஏற்றுக்கொண்ட திருத்தங்களில் மூன்றையும் நிராகரித்த ஒன்றையும் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நிராகரிக்கக் காரணம் தேடும்போதுதான் இலக்கணம் மனதில் தங்குகிறது.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, ‘இதை மாணவர்தான் எழுதினாரா?’ என்ற சந்தேகம் வகுப்பறைக்குள் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையைத் தயவுசெய்து தண்டிக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் குறித்தன. எளிய சொற்களில் எழுதுகிற பிள்ளைதான் முதலில் மாட்டிக்கொள்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

டாக்ஸில் உள்ள வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் எந்தப் பத்தி எப்போது வந்தது, எது அழிந்தது என்று தெரியும். முழுக் கட்டுரையும் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள். வேறு இடத்தில் எழுதி ஒட்டியிருக்கலாம். மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இந்தப் பத்தியை உன் வார்த்தையில் சொல்லு” என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாசிப்பைப் பொறுத்தவரை தாளை விட்டுவிடாதீர்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தகவல் சார்ந்த பாடங்கள் திரையைவிடத் தாளில் நன்றாகப் புரிகின்றன என்கிறது. கதைகளில் மட்டும் அந்த வேறுபாடு தென்படவில்லை. அதனால் நீண்ட கட்டுரைப் பாடங்களை அச்சில் கொடுத்துவிட்டு, விவாதத்தைத் திரைக்குக் கொண்டுபோகிறேன்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் பலர் கைமாறுவது என்ற நிலையில் உள்ள மாணவர் உங்கள் வகுப்பிலும் இருப்பார். நள்ளிரவுக் கெடு அவருக்குத்தான் தண்டனை. முதல் வரைவை வகுப்பு நேரத்திலேயே எழுதவையுங்கள். தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் அதற்கும் அதே மதிப்பெண் உண்டு என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அவர் வந்து தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.