விசா வந்தாச்சு, சரி, என்ன விசா?

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் 'விசா வந்தாச்சு' என்றால் அடுத்த கேள்வி எந்த நாடு, எவ்வளவு சம்பளம் என்பதுதான். என்ன வகை விசா என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தற்காலிகமா நிரந்தரமா என்பதை அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமீரகத்தின் கோல்டன் விசா 10 ஆண்டு வரை. ஆனாலும் அது தற்காலிகம்தான். கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) அட்டைக்கு 5 ஆண்டு; அது நிரந்தரம். பார்க்க வேண்டியது, தங்கும் உரிமை எதில் தொங்குகிறது என்பதை. வேலை விசா முதலாளியில், மாணவர் விசா கல்லூரியில், குடும்ப விசா கணவர் அல்லது மனைவியின் விசாவில். கிளை முறிந்தால் அதில் தொங்குவதும் விழும். பி.ஆர். அப்படி ஒருவர் கையில் இல்லை. ஆனால் அதற்கும் நாள் கணக்கு உண்டு. கனடாவில் 5 ஆண்டுக்குள் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஆஸ்திரேலிய பி.ஆரில் முதல் 5 ஆண்டு விருப்பம்போல் போய்வரலாம். அதன்பின் நாட்டுக்குள் இருக்கும்வரை கவலையில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போகத் தனி விசா எடுக்க வேண்டும்.

விசாவில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதியும் தங்கலாம் என்ற தேதியும் ஒன்றல்ல. அமெரிக்கச் சுற்றுலா விசா 10 ஆண்டுக்குக் கிடைக்கும். ஒருமுறை போனால் எதுவரை தங்கலாம் என்பதை, நாட்டுக்குள் நுழையும்போது பதிவாகும் ஐ-94 தான் சொல்லும். அது வழக்கமாக 6 மாதம்.

இனி கல்ஃப். 'விசிட்டில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்று அச்சிட்டிருக்கும். அவர்கள் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசிடம் அந்தக் குடியேற்ற அனுமதியை வாங்க வேண்டும். விசிட்டில் போனால் அந்த அனுமதியோடு வரும் வேலை ஒப்பந்தப் பதிவும் 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இல்லாமலே போகும். செவிலியர்களுக்கு இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட் இருந்தாலும் இந்த அனுமதி வேண்டும். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்பவர் விசாவை விற்கிறார், வேலையை அல்ல. பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: இனிஷியல். சான்றிதழில் 'எஸ். செல்வன்', பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, வெறும் 'செல்வன்'. 2022 நவம்பர் முதல் இப்படி ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுக்கு அமீரக விசிட் விசாவில் சிக்கல் வருகிறது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுப்பதே தீர்வு. அதை டிக்கெட் போடும் முன்பே செய்யுங்கள்.

எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு குழப்பம் சான்றொப்பம், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரையிடுவது. கேரளத்துப் பாறசாலையில் குடியிருந்தாலும் தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்துக்குத் தமிழ்நாட்டு அரசின் சான்றொப்பம்தான்; நெய்யாற்றின்கரையில் படித்தவருக்குக் கேரளத்தில். வீடு எங்கே என்பது கணக்கில் வராது. அமீரகம், கத்தார், குவைத் என்றால் தூதரக முத்திரையும் வேண்டும். சவூதி, ஓமன், பஹ்ரைனுக்கு நம் வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை போதும்.

பி.ஆருக்கு முயல்பவர்கள் அதிகம் சறுக்குவது அனுபவக் கடிதத்தில். பதவிப் பெயரும் 'நன்னடத்தை' வரியும் மட்டும் இருந்தால் அது செல்லாது. என்ன வேலை, வாரம் எத்தனை மணி, என்ன சம்பளம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று இருக்க வேண்டும். கனடாவுக்கு மொழித் தேர்வு முடிவு 2 ஆண்டுதான் செல்லும். பட்ட மதிப்பீடு 5 ஆண்டு. கல்ஃபில் இருந்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஊருக்கு வந்தபின் கைரேகை, தூதரகம் என்று அலைவதைவிட, அக்காமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) உயிரோடு இருக்கும்போதே வாங்கி வருவது எளிது. விண்ணப்பத்துக்குப் பழைய சான்றிதழ் போதுமா என்பதை அந்தந்த நாட்டு விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'படிக்கப் போனால் பி.ஆர். நிச்சயம்' என்பது விளம்பர வாசகம். ஆஸ்திரேலியாவின் 491 விசா 5 ஆண்டுத் தற்காலிக விசா; குறிப்பிட்ட வட்டாரத்தில் 3 ஆண்டு இருந்து நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே 191 என்ற நிரந்தர விசா கேட்கலாம். நேரடி நிரந்தரம் என்பது 189, 190 விசாக்கள். விண்ணப்பிக்க அழைப்பு வரும்போது வயது 45-க்குள் இருக்க வேண்டும். வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தரும் புள்ளிகள் குறைந்தது 65. அழைப்பு கிடைக்க நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

பி.ஆர். வாங்கினாலும் நீங்கள் இந்தியக் குடிமகன்தான், பாஸ்போர்ட்டும் மாறாது. அந்நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுக்கலாம், ஓட்டு கிடையாது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர்த் தோட்டம் வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓ.சி.ஐ. மட்டுமல்ல, வெளிநாடுவாழ் இந்தியர் ஆனாலே விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா உயிலில் எழுதிவைத்த தோட்டம் வாரிசாக வந்து சேர்ந்தால் தடையில்லை.